கட்டுத்தறியில் தொங்கிய கயிறுகள்

எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் காலையிலும் மாலையிலும் பால் அளப்பவள் நான். கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி பஸ் ஏறினால் கொஞ்ச தூரம்தான் எங்கள் ஊர். யார் வீட்டில் மாடு கன்று போட்டது, யார் வீட்டில் சண்டை, யார் தண்ணீரில் பால் கலக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். கேனைத் திறந்தால் போதும். ஆனால் கமலாத்தாள் அக்கா வீட்டில் நடந்தது மட்டும் வருடக்கணக்கில் எனக்குத் தெரியாமல் போனது. அந்த வீட்டுக் கேன் எப்போதும் நிறைந்தே வந்தது.

கொண்டுவருவது அக்காவின் புருஷன் கருப்புசாமி அண்ணன். ஒன்றரை ஏக்கர் கிணற்றுத் தோட்டம், கள்ளுக்கு விட்ட தென்னை, இரண்டு கறவை மாடு, இவ்வளவுதான் அவர் சொத்து. ஆனால் பைக்கில் வந்து இறங்குகிற தோரணையைப் பார்த்தால் பண்ணையே அவருடையது என்று தோன்றும். காலையில் இருபது லிட்டருக்குக் குறையாது. வரிசையில் நிற்பவர்களைப் பற்றிக் கவலையே படாமல் கேனை மேடையில் டங்கென்று வைப்பார்.

"எத்தனைன்னு சத்தமாச் சொல்லு அம்மிணி, எல்லாத்துக்கும் கேக்கட்டும்" என்பார்.

நானும் சொல்லித் தொலைப்பேன். வரிசையில் ஆறும் ஏழும் லிட்டர் வைத்துக்கொண்டு நிற்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஊரில் அவருக்கு இருபது லிட்டர்க்காரர் என்றே பேர் விழுந்துவிட்டது. அந்தப் பேர் அவருக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

கமலாத்தாள் அக்கா அதற்கு நேர் எதிர். பேச்சு கம்மி, வேலை அதிகம். விடிவதற்குள் சாணி அள்ளிப் பால் கறந்துவிட்டு, பஞ்சாயத்தில் தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலை இருக்கும் நாட்களில் மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போய்விடுவார். அவர் வீட்டுக்கு எப்போது போனாலும் எனக்குக் கட்டஞ்சாயாதான் கிடைக்கும். தினம் முப்பது லிட்டருக்கு மேல் பால் கறக்கிற வீட்டில் சாயாவுக்கு ஒரு சொட்டுப் பால் கிடையாது. "காசாகற பாலை நாம குடிச்சா எப்பிடி அம்மிணி?" என்பார். கேபிளை எடுத்துவிட்டார், எண்ணெயைக் குறைத்தார், சிட்டூர் காலேஜில் படிக்கும் மகள் மௌனிகாவுக்கு இரண்டு வருடமாகப் பொங்கலுக்குக்கூடப் புதுத்துணி இல்லை. இவ்வளவு சிக்கனம் பிடித்தும் மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை. தனக்குத்தான் குடும்பம் நடத்தத் தெரியவில்லை என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் மாடு உதைத்து அண்ணன் முழங்கால் வீங்கிப் படுத்துவிட்டார். அந்த வாரம் பால் காசு வாங்க அக்கா வந்தார். சொசைட்டியில் வாரம் ஒருமுறை கணக்கு முடித்துக் கையில் கொடுப்போம். நான் நோட்டுகளை எண்ணி மேடையில் வைத்தேன். அக்கா கை நீட்டுவதற்குள் பக்கத்தில் நின்ற ஈஸ்வரன் அதில் பெரும்பகுதியை எடுத்து எண்ணத் தொடங்கினார். வேலந்தாவளத்தில் வட்டிக்குக் கொடுப்பவர். ஒவ்வொரு கணக்கு நாளும் வருவார், அண்ணனோடு வெளியே நின்று சிரித்துப் பேசிவிட்டுப் போவார். நான் சிநேகிதம் என்று நினைத்திருந்தேன்.

"ஏனுங்க, எங்கூட்டுக் காசை நீங்க எண்றீங்க?" என்றார் அக்கா.

"வட்டிங்கக்கா. அண்ணன் சொல்லலீங்களா?"

"எத்தனை வாங்கியிருக்காருங்க?"

ஈஸ்வரன் என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே நகரவில்லை. "ரெண்டு எம்பது நிக்குதுங்க. பங்குனிக்குள்ள பாதியாச்சும் குடுத்தர்றேன், இல்லாட்டி கெணத்துத் தோட்டத்தைக் கிரயம் பண்ணித் தர்றேன்னு அண்ணனே பத்திரத்தைக் கொண்டாந்து குடுத்தாருங்க. நானாக் கேக்கலீங்க."

இரண்டு லட்சத்து எண்பதாயிரம். அக்கா அழவில்லை. என்னிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார், மிச்சமிருந்த காசை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்து போனார். அந்தக் கிணறு போனால் தென்னை போகும், தீவனப்புல் போகும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டக்கூட ஊரான் வாசலில் நிற்க வேண்டும். இது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு அண்ணனைப் பார்க்கப் போனேன். மத்தியான நேரம். மாடுகளைப் பார்த்தபடி படுக்க வேண்டும் என்று கட்டுத்தறியின் ஓரத்திலேயே கட்டிலைப் போட்டிருந்தார். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஏழெட்டு மாட்டுக் கயிறுகள் கிடந்தன.

எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுப்பதில்லை. வாங்குபவர் தன் கயிற்றைப் போட்டு ஓட்டிக்கொண்டு போவார், பழைய கயிறு வீட்டுக்குத் திரும்பி வந்து கட்டுத்தறி ஆணியில் தொங்கும். கயிற்றைக் கொடுத்தால் வீட்டு யோகமும் கூடவே போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. கருப்புசாமி அண்ணன் அதில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்காமல் சேர்த்து வைத்திருந்தார்.

அக்கா ஒரு கயிற்றை எடுத்து நீட்டினார். "இது எந்த மாட்டுதுங்க?"

"மயிலையோடது."

"மயிலையைக் குடுத்துப்போட்டு எதை வாங்குனீங்க?"

"கொம்பு வளைஞ்ச மாடு ஒண்ணு இருந்துதல்லொ, அது."

"மேல எத்தனை போட்டீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு மேலே கூரையைப் பார்த்தார். "முப்பத்தஞ்சு இருக்கும்."

"ஏது காசு?"

"ஈஸ்வரங்கிட்டத்தான்."

அக்கா அந்தக் கயிற்றைத் தன் வலப்பக்கம் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். மௌனிகா வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு தொகையையும் போனில் கூட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அந்த இருபது லிட்டரின் ரகசியம் அந்த ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

சினை மாடு அடுத்த கன்று போடுவதற்கு முன்னால் இரண்டு மூன்று மாதம் பால் வற்றி நிற்கும். தின்னும், ஆனால் கறக்காது. எல்லோரும் அந்த மாதங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார்கள். அண்ணன் ஓட்டமாட்டார். பால் வற்றியதும் மாட்டை வேலந்தாவளம் சந்தைக்கு ஏற்றுவார். வற்றிய மாட்டுக்கு அங்கே என்ன விலை கிடைக்கும்? அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, புதிதாகக் கன்று போட்ட மாட்டைச் சொன்ன விலைக்கு வாங்குவார். நடுவில் துண்டு விழும் பணத்துக்கு ஈஸ்வரன். அடுத்த வருடம் அந்த மாடும் வற்றும், மறுபடியும் சந்தை. பத்துப் பன்னிரண்டாயிரத்துக்குத் தீவனம் போட்டால் தீருகிற காரியத்துக்கு முப்பதும் நாற்பதுமாகக் கடன் வாங்கியிருக்கிறார். வீட்டில் யாருக்கும் விலை தெரியாது. சந்தையில் தரகர் கையைப் பிடித்துத் துண்டால் மூடிக்கொண்டு விரலைத் தொட்டுத்தான் விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாதபோது அடுப்படியில் இருப்பவருக்கு எங்கே தெரியும்?

கடைசிக் கயிறும் வலப்பக்கம் போய்ச் சேர்ந்தது. மௌனிகா தொகையைச் சொன்னாள். ஈஸ்வரன் சொன்னதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

"சாயாவுல பாலூத்தாம நான் மிச்சம் புடிச்சதெல்லாம் எங்கீங்க போச்சு?" என்று அக்கா கேட்டார். குரல் உயரவே இல்லை. "புள்ளைக்கு ஒரு துணி எடுக்கல. என்ற கை ஓட்டைன்னு நெனச்சு எத்தனை நாள் சாமிகிட்ட அழுதிருப்பேன்."

அண்ணன் கட்டிலில் கையூன்றி எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "இருவது லிட்டர் ஊத்துன எடத்துல ஆறு லிட்டரை எப்பிடிப் புள்ள கொண்டுட்டுப் போறது?" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நல்ல மனுஷன்தான். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. வீண் ஜம்பம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த ஒன்றே ஒரு தோட்டத்தைக் காவு கேட்டது.

அன்றைக்கே அக்கா முடிவு செய்துவிட்டார். கடன் தீரும்வரை மாடு மாற்றுவது கிடையாது. அப்போது செவலை மாடு ஆறு மாதச் சினையாக வற்றிக்கொண்டிருந்தது, அது இங்கேயே நின்று கன்று போடட்டும் என்றார். ஐந்து வருடமாக அக்கா வாராவாரம் காசு கட்டிவந்த குடும்பஸ்ரீ அயல்கூட்டம் என்கிற பெண்கள் சேமிப்புக் குழுவில் குறைந்த வட்டிக்குக் கடன் கேட்பது, அதை அப்படியே ஈஸ்வரனிடம் கட்டி வட்டியைக் குறைப்பது என்று ஏற்பாடு. பொள்ளாச்சியில் நார் மில்லில் வேலை பார்க்கும் மகன் பூபதிராஜா முதலில் குதித்தான். பிறகு தானாகவே பைக்கை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸில் போகத் தொடங்கினான். அக்காவின் நாத்தனார் வீட்டுச் சீருக்கு அந்த வருடம் பட்டுச்சேலை வைக்கவில்லை, விலை குறைந்த வாயில் சேலைதான். நாத்தனார் ஆறு மாதம் பேசவில்லை. அக்காவுக்கு அது வருத்தம்தான், ஆனாலும் மாற்றிக்கொள்ளவில்லை.

கணக்கு நாளில் அக்காவே வருவார். என் மேடையிலேயே காசை மூன்றாகப் பிரிப்பார். தீவனக் காசு முதலில், அதை அங்கேயே கட்டி மூட்டையை வாங்கிவிடுவார். அடுத்தது கடனுக்கு. கடைசியாக நிற்பதுதான் வீட்டுக்கு. இவ்வளவு கறாராக இருந்தவர் ஒரு விஷயத்தில் மட்டும் கையைத் தளர்த்தினார். அன்றிலிருந்து தினம் அரை லிட்டர் பால் வீட்டுக்கு என்று நிறுத்திக்கொண்டார்.

"கடங்காரி ஊட்ல பால் சாயாவான்னு கேக்காத அம்மிணி. இத்தனை நாள் குடிக்காம என்ன மிச்சமாச்சு?" என்று சொல்லி எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். ஏலக்காய் தட்டிப்போட்டு, கெட்டியாக. அந்த வீட்டில் நான் குடித்த முதல் பால் சாயா அது.

பால்தான் குறைந்தது. செவலை முழுதாக வற்றியது. இன்னொரு மாடும் கடைசிக் கறவையில் இருந்தது. காலையில் ஆறு லிட்டர் வந்தால் அதிகம். அண்ணனுக்குக் கால் சரியாகிவிட்டது, ஆனாலும் சொசைட்டிப் பக்கம் தலைகாட்டவில்லை. அக்கா தூக்குப்போசியில் பாலை எடுத்துக்கொண்டு நடந்து வருவார். வரிசையில் நின்ற ஒரு பெரிய மனுஷன், "ஏனுங்கம்மா, மாடெல்லாம் விரதமுங்களா?" என்று கேட்டார். அவருடைய பாலில் மழை பெய்த கதை என்னிடம் இருந்தது. அதைச் சபையில் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

கார்த்திகையில் ஒரு சந்தை நாள். காலைப் பால் முடித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ரோட்டில் ஒரு டெம்போ போனது. பின்னால் செவலை நின்றது, முன்னால் டிரைவர் பக்கத்தில் கருப்புசாமி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். உடனே அக்காவுக்குப் போன் அடித்தேன். அவர் வாய்க்காலில் தொழிலுறப்பு வேலையில் இருந்தார்.

"செவலையை டெம்போல ஏத்திட்டுப் போறாருங்கக்கா" என்றேன்.

"சரி அம்மிணி" என்றார். கை மண்ணைக்கூடக் கழுவாமல் பஸ் ஏறினார் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள்.

சந்தையில் நடந்ததை அக்கா பிறகு எனக்குச் சொன்னார். தரகர் முனீஸ்வரனும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். இரண்டும் ஒத்துப்போனதால் நம்புகிறேன். அக்கா போய்ச் சேர்ந்தபோது அண்ணன் கையும் முனீஸ்வரன் கையும் துண்டுக்குள் இருந்தன. செவலையின் தலைக்கயிற்று முடிச்சைப் பாதி அவிழ்த்தாகிவிட்டது. பக்கத்தில் கொழுத்த மடியோடு ஒரு கறவை மாடு, அதன் கன்று காலுக்கிடையில் முட்டிக்கொண்டு நின்றது. அந்த வேலந்தாவளம் சந்தையில் பெண்கள் நடமாட்டம் அதிகமில்லை. தலையில் துண்டு கட்டிய மண் கைக்காரி ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்ததும் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். சண்டை போடவில்லை. "என்ன வெலைங்க பேசறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

முனீஸ்வரன் சிரித்தார். "சந்தையில வெலையைச் சத்தமாச் சொல்றதில்லீங்கம்மா. அண்ணன் ஊட்டுக்கு வந்து சொல்லுவாரு."

"இத்தனை வருசமா ஊட்டுக்கு வந்து சொல்லலீங்களே" என்றார் அக்கா. பிறகு புருஷனைப் பார்த்தார். "ஏனுங்க, இருவது லிட்டரைச் சத்தமாச் சொல்லச் சொல்லுவீங்கல்லொ. இதையுஞ் சத்தமாச் சொல்லுங்க. என்ற காதுல உழுந்தாப் போதும். அப்புறமேட்டுக்கு நான் பஸ்ஸேறிப் போயர்றேன், நீங்க எதை வேணாலும் ஓட்டிட்டு வாங்க."

அண்ணன் துண்டுக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். முனீஸ்வரன் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாராம், அண்ணன் விடவில்லையாம்.

"செவலைக்கு இருவத்தெட்டு குடுக்கறாங்க" என்றார் அண்ணன். பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் அது கேட்டது. "அந்த மாடு அறுவத்தெட்டு. மேல நாப்பது." அங்கே நிறுத்தினார். அவர் சொன்னது அவர் காதிலேயே அப்போதுதான் விழுந்தது போலிருந்தது என்று முனீஸ்வரன் சொன்னார். பிறகு சந்தைக்கே கேட்கும்படி, "நாப்பதாயிரம்! அதை ஈஸ்வரங்கிட்ட வாங்கோணும். கெணத்துத் தோட்டம் அவங்கிட்டத்தான் கெடக்குது" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார், குனிந்து செவலையின் கயிற்றை மறுபடி இறுக்கிக் கட்டினார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்ததாம், துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. டெம்போக்காரரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். சினை மாட்டை மெதுவாக நடத்தி, நிழல் கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தி, தண்ணீர் காட்டிக் கூட்டிவந்தார்கள். சரியாக மாலைப் பால் ஊற்றும் நேரத்தில், வரிசை முழுக்க நிற்கும்போது, சொசைட்டியைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அண்ணன் முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அக்கா பின்னால், பிய்ந்த செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு. நான் அளப்பதை விட்டுவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பதிலாக வேறு யாரோ பாலை அளந்துகொடுத்தார்கள்.

தை கடைசியில் செவலை கிடாரிக் கன்று போட்டது. பைக் விற்ற காசு, அயல்கூட்டக் கடன், தென்னைக்குக் கள்ளு ஒப்பந்தக்காரர் ஜின்சன் கொடுத்த முன்பணம் எல்லாம் சேர்த்துப் பங்குனிக்குள் ஈஸ்வரனிடம் பாதியைக் கட்டினார்கள். மீதிக்கு வட்டி பாதியாகக் குறைந்ததால் அசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்க முடிந்தது. ஒரேயடியாக நல்ல காலம் வந்துவிடவில்லை. நடுவில் மௌனிகாவுக்கு டெங்கு வந்து இரண்டு மாதம் ஒரு பைசா கட்டமுடியவில்லை. ஒரு கன்று செத்தது. அண்ணன் சந்தை நாளில் டெம்போ சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வருவார் என்று அக்கா சொல்லிச் சிரிப்பார். ஏறக்குறைய இரண்டு வருடம் இழுத்தது.

போன மாதம் கணக்கு நாளில் ஈஸ்வரன் பத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மடித்து, மௌனிகாவிடம் கொடுத்தார். பிறகு வழக்கம்போல காசை மூன்றாகப் பிரித்தார். கடனுக்கு வைக்கிற பங்கைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எங்கே வைப்பதென்று தெரியவில்லை போலும். அதைச் சொசைட்டியிலேயே சேமிப்பில் போடச் சொன்னார். அடுத்த முறை மாடு வற்றும்போது தீவனத்துக்கு ஆகும் என்றார்.

அடுத்த முறை இப்போதே வந்துவிட்டது. செவலை மறுபடியும் சினை, மறுபடியும் வற்றிக்கொண்டிருக்கிறது. நேற்றுக் காலையில் வரிசையில் நல்ல கூட்டம். நடுவில் கருப்புசாமி அண்ணன் நின்றார். இவ்வளவு நாளும் பால் குறைந்தால் அக்காதான் வருவார். அவர் முறை வந்ததும் அந்தப் பழைய பெரிய கேனைத் தூக்கி மேடையில் டங்கென்று வைத்தார். திறந்தேன். அடியில் கொஞ்சம் பால் கிடந்தது. அளந்தேன். நாலு லிட்டர். அவருக்குச் சங்கடம் வேண்டாம் என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி வாய்க்குள்ளேயே சொன்னேன்.

அண்ணன் என்னை முறைத்தார். "என்ன அம்மிணி, தொண்டை கட்டிக்கிச்சா? எத்தனைன்னு சத்தமாச் சொல்லு, எல்லாத்துக்கும் கேக்கட்டும்."

"நாலு லிட்டர்!" என்றேன், ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி.

அண்ணன் தலையாட்டிவிட்டுக் கேனை எடுத்துக்கொண்டு போனார்.